முழு உடை ஒத்திகைக்குப் போகும் பாண்ட் டீச்சர்மாருக்கு

கொழும்பில் ஒரு தமிழ் மொழிமூலப் பெண்கள் பாடசாலையில் மேலைத்தேய சங்கீதம் படிப்பிக்கிறேன். பாண்ட் குழுவும் என் பொறுப்புத்தான். பரிசளிப்பு விழாவுக்கு முதல் நாள் நடந்த முழு உடை ஒத்திகையில் நாங்கள் பட்ட பாட்டை எழுதி வைக்க வேண்டும் என்று அன்றிரவே நினைத்தேன். எங்களைப் போன்ற பாடசாலைகளில் பாண்ட் டீச்சர் என்றால் ஒரே ஒரு ஆள். கணித டீச்சருக்கு ஒரு சந்தேகம் வந்தால் பக்கத்து வகுப்பில் இன்னொரு கணித டீச்சர் இருப்பார். எனக்கு அப்படிக் கேட்க யாரும் இல்லை. இசையைப் படிக்கப் புத்தகம் இருக்கிறது, பரீட்சை இருக்கிறது. ஆனால் தொப்பி, கையுறை, ஏசி, லொறி என்று ஒரு பின்னேரத்தில் எங்களைக் கவிழ்த்துப் போட்ட எதையும் எந்தப் பாடத்திட்டத்திலும் நான் கண்டதில்லை. யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த நாளின் பாதி அழுகை இருந்திருக்காது.

வழமையாக எங்கள் பாண்ட் வாசிப்பது இல்ல விளையாட்டுப் போட்டிக்கு, திறந்த மைதானத்தில். இந்த முறை பரிசளிப்பு விழாவை வெளியே ஒரு ஏசி மண்டபத்தில் வைத்தார்கள். தரம் 7 முதல் 12 வரையான 34 பிள்ளைகள். பிரதம விருந்தினரை வாசலிலிருந்து அழைத்து வரும் மார்ச், தேசிய கீதம், பாடசாலைக் கீதம், அப்புறம் மேடையில் பத்து நிமிடத் தனி நிகழ்ச்சி. பழைய மாணவிகள் சங்கம் புது உடைக்குக் காசு கொடுத்திருந்தது. சிவப்புக் கோட், தோளில் பொன்னிறக் குஞ்சம், வெள்ளைக் கையுறை, உச்சியில் இறகு செருகிய உயரமான தொப்பி. மண்டபம் எங்களுக்குக் கிடைத்தது முதல் நாள் பிற்பகல் 2 மணியிலிருந்து 6 மணி வரை மட்டும். கோட்டுகளைத் தையல்காரர் கொண்டுவந்து தந்ததும் அதே நாள் காலையில்தான். அதாவது புது உடை, புது இடம், புது ஒழுங்கு எல்லாமே ஒரே நாளில், விழாவுக்கு ஒரு இரவு மட்டும் மிச்சம் இருக்கும்போது வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்திருந்தால் சமாளித்திருக்கலாம்.

முதல் அடி ரோட்டிலேயே விழுந்தது. ஒன்றரை மணிக்குப் பாடசாலைகள் விடும்போது காலி வீதி எப்படி இருக்கும் என்று கொழும்பில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வாத்தியங்கள் ஏற்றிய லொறி ஸ்கூல் வேன்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. மூன்று மணி தாண்டியும் மேடை வெறுமையாக இருந்தது. மண்டபக்காரருக்கு அது பொருட்டில்லை, அவருடைய மணிக்கூடு 2 மணிக்கே ஓடத் தொடங்கிவிட்டது. கடைசியில் ஒரு மணித்தியாலம் கூட எடுக்க வேண்டி வந்தது, அதற்கு 15,000 ரூபா. வாத்தியங்களைப் பிள்ளைகள் போகிற நேரத்தில் அனுப்பவே கூடாது, காலை 10 மணிக்கு முன்பு அனுப்பி, காவலுக்கு ஒருவரை அங்கே இருத்திவிட வேண்டும். மண்டபத்தை முன்பதிவு செய்யும்போது "சாமான் இறக்க எத்தனை மணிக்குக் கதவு திறப்பீர்கள், அதற்குத் தனியாகக் காசா" என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பல இடங்களில் இறக்குவதற்கு வாடகை கேட்பதில்லை. கேட்டால்தான் அது தெரியவரும்.

கோட்டைப் போட்டவுடன் பிள்ளைகள் எல்லோரும் கண்ணாடி முன்னால் போய் நின்றார்கள். அவ்வளவு அழகு. எனக்கே கண் கலங்கியது. அந்தச் சந்தோஷம் முதல் பாட்டின் எட்டாவது வரி வரைதான். ட்ரோம்போன் வாசிக்கிற பிள்ளை நடுவில் நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினாள். "மிஸ், கை நீட்ட ஏலாது." ட்ரோம்போனில் சறுக்குக் குழாய்க்கு ஏழு நிலைகள் இருக்கின்றன. ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் கையை முழுதாக நீட்ட வேண்டும். கோட்டின் அக்குள் இறுக்கம் அவளை ஐந்தாவதோடு பிடித்து நிறுத்தியது. அதற்கு மேல் இழுத்தால் முதுகுத் தையல் "சர்" என்று சத்தம் போட்டது. பேஸ் ட்ரம் அடிக்கிறவளுக்கும் அதே கதை. சிம்பல்காரிக்குக் கை தோளுக்கு மேலே போகவில்லை. தையல்காரரில் பிழை சொல்ல முடியாது. அவர் பிள்ளைகளை நேராக நிற்கவைத்து, கைகளைத் தொங்கவிட்டு, சீருடைக்கு அளவெடுக்கிற மாதிரி ஒழுங்காகத்தான் அளவெடுத்தார். பாண்ட் உடைக்கு அளவெடுக்கும் நாளில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வாத்தியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ட்ரோம்போன் ஏழாவது நிலைக்குப் போகட்டும், சிம்பல் மேலே எழும்பட்டும், பேஸ் ட்ரம் தோல்வாரோடு மாட்டியிருக்கட்டும். அந்த நிலையில் அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஊதுகிற பிள்ளைகளுக்கு இன்னொன்று: மூச்சை முழுதாக இழுத்து வைத்திருக்கும்போது நெஞ்சளவு எடுக்க வேண்டும். எங்கள் ட்ரம்பெட் பிள்ளைகள் மேல் பொத்தானைக் கழற்றினால்தான் நீளமான சுரங்களைப் பிடிக்க முடிந்தது.

கையுறை இதைவிட மோசம். வெள்ளைக் கையுறை போட்டால் அணி பார்க்க ஒரே சீராக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கிளாரினட்டில் ஏழு துளைகளை விரலின் தசையாலேயே மூட வேண்டும். துணி இடையில் வந்தால் காற்று கசியும். ஆறு கிளாரினட்டும் ஒன்றாகக் கீச்சிட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பிள்ளைகள் தாங்கள்தான் பிழையாக வாசிக்கிறோம் என்று நினைத்து இன்னும் இறுக்கி ஊத, கீச்சல் கூடியது. ஒருத்தி அழத் தொடங்கிவிட்டாள். நான் அவள் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு அதே வரியை ஊதச் சொன்னேன். சுத்தமாக வந்தது. அப்போதுதான் மற்றவர்களுக்கும் உயிர் வந்தது. அன்றிரவு செய்த வைத்தியம் இது: இடது கையில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல், வலது கையில் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல். இந்த ஏழின் நுனியை மட்டும் வெட்டினோம். வலது பெருவிரல் வாத்தியத்தைத் தாங்குவது மட்டும்தான், அதை விட்டுவிடலாம். சின்ன விரல்கள் சாவிகளை அழுத்துவதால் அவற்றிலும் துணி இருக்கலாம். வெட்டிய விளிம்பு பிரியாமலிருக்க நிறமில்லாத நெயில் பொலிஷ் தடவினோம். தூரத்திலிருந்து பார்த்தால் முழுக் கையுறை மாதிரியேதான் தெரிந்தது. சாக்ஸபோனுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அதன் துளைகளை மூடிகள்தான் மூடுகின்றன. ட்ரம்பெட்டுக்கும் பரவாயில்லை. ஆனால் சைட் ட்ரம் அடிக்கிறவர்களுக்குக் கையுறை கொடுக்கவே வேண்டாம். எங்களுடைய ஒரு குச்சி கையிலிருந்து வழுக்கி முன் வரிசைக் கதிரைகள் வரை பறந்தது. விழா நாளில் அந்த வரிசையில் இருக்கப்போகிறவர்கள் யார் என்று நினைத்தபோது எனக்கு வியர்த்தது.

தொப்பிக்கு வருகிறேன். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் இரட்டைப் பின்னல் போடுகிறவர்கள். தொப்பிக்கு அளவெடுத்தது தலையை அப்படியே வைத்து. பின்னலை மடித்துக் கட்டி ரிபன் போட்ட தலைக்கு மேல் தொப்பி உட்காரவில்லை. பின்னலை அவிழ்த்துக் கொண்டையாகப் போட்டவர்களுக்கோ தொப்பி முன்னால் சரிந்து கண்ணை மறைத்தது. நாடிப் பட்டியை இறுக்கினால் ஊதுகிறவர்களால் தாடையை அசைக்க முடியாது. தலைமுடியை எப்படிக் கட்டப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்து, அந்த முடியலங்காரத்தோடு தொப்பிக்கு அளவெடுங்கள். எங்களுக்குக் கைகொடுத்தது தொப்பியின் உள் வளையத்தில் ஒட்டிய மெல்லிய ஸ்பொஞ்சும், கழுத்துக்கு மேலே போட்ட ஒற்றைப் பின்னலும்தான். நாடிப் பட்டியை ஊதுகிற பிள்ளைகளுக்கு உதட்டுக்குக் கீழே தளர்வாக விட்டோம்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பிரச்சினைகள். ஏசி கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால்தான் அது என்னை அதிகம் குழப்பியது. பாடசாலையில் தகரக் கூரைக்குக் கீழே, மத்தியான வெயிலில்தான் நாங்கள் பயிற்சி செய்கிறோம். அந்தச் சூட்டில் ஊது வாத்தியங்களின் சுருதி ஏறும் என்பதால் ட்ரம்பெட்டின் சுருதிக் குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்துத்தான் குளொக்கன்ஸ்பீலோடு (உலோகத் தகடுகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) சேர்ப்போம். மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கை விறைக்கிற குளிர். காற்றின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் குறைந்தால் அதில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 0.6 மீற்றர் குறையும். குழாயின் நீளம் அதேதான், ஆனால் சுருதி இறங்கிவிடும். குளொக்கன்ஸ்பீலின் உலோகத் தகடுகள் அந்தக் குளிருக்கு அவ்வளவாக அசைவதில்லை. ஆகவே பாடசாலைக் கீதத்தில் தகடு ஒரு சுருதியிலும் ஊதுகிறவர்கள் அதற்குக் கீழேயும் நின்றார்கள். மாதக் கணக்காக வாசித்த பாட்டு, கேட்கவே முடியவில்லை. பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள்.

மண்டபத்தின் சவுண்ட்காரர் ஒரு சிங்கள ஐயா. என் சிங்களமும் அவருடைய தமிழும் அரைகுறை. ஆனாலும் அவர்தான் வந்து "மிஸ், பாண்ட் வந்தா எல்லாருக்கும் இதுதான்" என்று சொல்லி ஏசியைக் குறைத்துவிட்டார். விழா நாளில் ஆட்கள் நிறைந்தால் மண்டபம் தானாகவே கொஞ்சம் சூடாகும் என்றும் சொன்னார். நான் ட்ரம்பெட்டுகளின் சுருதிக் குழாயை உள்ளே தள்ளச் சொல்லி, கிளாரினட்டின் மூட்டுகளை முழுதாகப் பொருத்தச் சொல்லி, எல்லோரையும் சத்தம் வராமல் வாத்தியத்துக்குள் சூடான மூச்சை விட்டுக்கொண்டே இருக்கச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் சுருதி கிட்ட வந்தது. மேடைக்குப் பின்னால் காத்திருக்கும் நேரம் முழுக்க இந்த மூச்சு வேலை நடக்க வேண்டும், வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போய்க் கதைத்துக்கொண்டிருக்கக் கூடாது. குளிரான இடத்துக்குப் போனதும் முதல் வேலை சுருதி பார்ப்பதல்ல. இருபது நிமிடம் ஊதி வாத்தியத்தைச் சூடாக்கிவிட்டுத்தான் சுருதி பார்க்க வேண்டும்.

மேடை விளக்கு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தனி நிகழ்ச்சிக்கு நீல வெளிச்சம் போட்டார்கள், போட்டோக்கொப்பித் தாள்களில் பென்சிலால் எழுதியிருந்த குறிப்புகள் மறைந்துபோயின. ஏசிக் காற்றில் தாள் பறந்தது. துணிக்கு மாட்டுகிற கிளிப்பும் கறுப்பு மார்க்கர் பேனாவும் போதும். மேடைக்கான பாட்டை மனப்பாடம் செய்துவிட்டால் இன்னும் நல்லது.

இவ்வளவுக்கும் நடுவில் முதல் ட்ரம்பெட் பிள்ளை வெளிறிய முகத்தோடு வந்தாள். ஊதினால் காற்றே போகவில்லை. வாத்தியத்தைக் கையில் வாங்கும்போது என் கையும் நடுங்கியது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிப் போன பிறகு புதிதாக ஒரு ட்ரம்பெட் வாங்குவது எங்களைப் போன்ற பாடசாலைக்குக் கனவு. இருக்கிற பழையதைத்தான் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறோம். மூன்று வால்வுகளையும் மெதுவாகத் திருகி எடுத்துப் பார்த்தேன். வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனில் சிறிதாக 1, 2, 3 என்று பொறித்திருக்கும். ஊதும் வாய்க்குக் கிட்ட இருப்பது 1. பயத்தில் கை ஏதாவது செய்ய வேண்டுமே என்று அவள் வால்வுகளைக் கழற்றி எண்ணெய் விட்டிருக்கிறாள், திரும்பப் போடும்போது 1உம் 3உம் இடம் மாறிவிட்டன. அப்போது துளைகள் நேர்படாது, காற்று அடைத்துக்கொள்ளும். சரியான இடத்தில் போட்டு, "டிக்" என்று பொருந்தும் வரை மெல்லத் திருப்பியதும் வாத்தியம் பாடியது. "உடைத்துப்போட்டேன் என்று நினைச்சன் மிஸ்" என்று சொல்லி என் தோளில் சாய்ந்துவிட்டாள். ஒத்திகை நாளிலும் விழா நாளிலும் வால்வைக் கழற்றுவது டீச்சர் மட்டும்தான் என்று இப்போது விதி வைத்திருக்கிறேன். பிஸ்டன் எண்களை எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டியும் இருக்கிறேன்.

சைட் ட்ரம்மின் மேல் தோல் கிழிந்தது அதற்குப் பிறகு. புறக்கோட்டைக்கு முச்சக்கரவண்டியில் ஒரு அம்மாவை அனுப்பி வாங்கினோம், 6,500 ரூபா. விட்டத்தை அளந்து எழுதிக் கொடுத்தனுப்பியதால் ஒரே தடவையில் சரியானது வந்தது. புதுத் தோலை எதிரெதிர் திருகாணிகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், ஒரு பக்கமாக இறுக்கினால் கோணலாகிவிடும். இரவில் அது இளகும், காலையில் மறுபடி இறுக்கிப் பாருங்கள். அதிபர் பேசும்போது ட்ரம்மின் அடியிலுள்ள கம்பிகள் மைக் சத்தத்துக்குத் தாமாகவே "ஸ்ர்ர்" என்று அதிரும். பக்கத்திலுள்ள சின்ன நெம்புகோலைக் கீழே தட்டிவிட்டால் நின்றுவிடும். அதற்கு ஒரு பிள்ளையைப் பொறுப்பாக வைத்தோம்.

எல்லாவற்றையும் விட என்னைப் பயமுறுத்தியது ஐந்தரை மணியளவில் நடந்தது. வரவேற்பு மார்ச்சுக்கு வாசலில் அணிவகுத்து நின்றபோது தரம் 8 பிள்ளை ஒருத்தி அப்படியே சரிந்து விழுந்தாள். அன்று வெள்ளிக்கிழமை, வீட்டில் விரதம், அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கழுத்துப் பொத்தான் இறுக்கம், தலையில் கனமான தொப்பி, மண்டபத்துக்கு வெளியே புழுக்கம். இதோடு முழங்காலைப் பின்னுக்குத் தள்ளி விறைப்பாக நின்றிருக்கிறாள். அப்படி அசையாமல் நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கிவிடும். படுக்கவைத்து, காலை உயர்த்தி, கழுத்தைத் தளர்த்தியதும் கொஞ்ச நேரத்தில் கண் திறந்தாள். அவளுடைய அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு பிள்ளையும் சாப்பிட்டாளா என்று கேட்காமல் நான் உடையைக் கையில் கொடுப்பதில்லை. விரதம் என்றால் வாழைப்பழமும் பாலும் எடுக்கலாமா என்று வீட்டில் முதலே கேட்டுவிடுகிறேன். நிற்கும்போது முழங்காலை இளக்கமாக வைத்து, சப்பாத்துக்குள் விரல்களை அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். தொப்பியைப் போடுவது அணி நகர்வதற்கு ஒரு நிமிடம் முன்புதான்.

ஏழு மணிக்குப் பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு உடைமாற்றும் அறையில் இருந்து நன்றாக அழுதேன். யாரோடும் கோபம் இல்லை. 34 பிள்ளைகளின் இத்தனை மாத உழைப்பு அடுத்த நாள் சனத்தின் முன்னால் கீச்சிட்டு நின்றுவிடுமோ என்ற பயம். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு தையல்காரருக்குப் போன் எடுத்தேன். கொட்டாஞ்சேனையில் தன் கடையை இரவு திறந்துவைத்து, அக்குளில் சதுரமாக ஒட்டுத் துணி வைத்து ஒன்பது கோட்டுகளை விடியும் முன் தைத்துத் தந்தார். அதே சிவப்புத் துணியில் ஒன்றரை மீற்றர் அவர் மிச்சம் வைத்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம். துணி வாங்கும்போதே இரண்டு மீற்றர் கூடுதலாக வாங்கி வைத்துவிடுங்கள். அந்தச் சாயம் பிறகு கிடைக்காது. மூன்று அம்மாமார் என் வீட்டுக்கு வந்து கையுறை வெட்டினார்கள், தொப்பிக்கு ஸ்பொஞ்ச் ஒட்டினார்கள். அன்று அவர்களிடம் கேட்டதுபோல முதல் மாதமே கேட்டிருந்தாலும் வந்திருப்பார்கள் என்று அவர்களே சொன்னார்கள். பாண்ட் டீச்சர் தனியாள் என்பது உண்மை, ஆனால் ஊசி பிடிக்கத் தெரிந்த அம்மாமார் எல்லாப் பாடசாலையிலும் இருக்கிறார்கள்.

விழா நல்லபடியாக நடந்தது. ட்ரோம்போன் ஏழாவது நிலைக்குப் போனது, கிளாரினட் கீச்சிடவில்லை, விழுந்த பிள்ளை இடையில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்து வாசித்தாள். ஒத்திகை சொதப்பினால் நிகழ்ச்சி நன்றாக வரும் என்று பலர் வந்து சொன்னார்கள். அதை நான் ஏற்கவில்லை. கடைக்காரர் ஒருவர் தூக்கத்தை விட்டுத் தைத்ததாலும், அம்மாமார் விழித்திருந்ததாலும்தான் அது நன்றாக வந்தது. அன்றிரவு கரண்ட் போயிருந்தால் ஒன்பது கோட்டும் அப்படியே கிடந்திருக்கும்.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எல்லாமாக 38,500 ரூபா போனது. மண்டபத்துக்கும் ட்ரம் தோலுக்கும் பில் இருந்ததால் 21,500ஐப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் திருப்பித் தந்தது. தையல் கூலி, முச்சக்கரவண்டி, சில்லறைச் சாமான்கள் என்று மீதி 17,000க்கு பில் இல்லை, அது என் சம்பளத்திலிருந்து போனதுதான். பில் புத்தகம் இல்லாத கடையென்றால் கொப்பித் தாளிலாவது எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வாங்கி வையுங்கள். அதைவிட, வரவுசெலவுத் திட்டத்திலேயே "ஒத்திகைத் திருத்தங்கள்" என்று ஒரு தொகையை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

அடுத்த ஆண்டுக்கு அதிபரிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன். உடை விழாவுக்கு ஒரு மாதம் முன்பு கையில் இருக்க வேண்டும், உடையோடு முதல் ஒத்திகை பாடசாலை மண்டபத்திலேயே நடக்க வேண்டும், வெளி மண்டபத்து ஒத்திகை குறைந்தது ஒரு கிழமை முன்பு அரை நாளாவது, ஏசி போட்டு, விளக்குப் போட்டு, தொப்பி, கையுறை எல்லாவற்றோடும். ஒரு கிழமை முன்பு மண்டபம் எடுத்தால் தனி வாடகை ஆகும் என்று அவர் தயங்கினார். அந்த 38,500 கணக்கைக் காட்டினேன். கையெழுத்து வைத்துவிட்டார். முற்பணம் மட்டும் கட்ட வேண்டியிருக்கிறது, திங்கட்கிழமை போகிறேன்.